பட்டியலில் கடைசிப் பேர்

முனாஸுக்குப் பயம் என்று யாராவது சொன்னால் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக இழுவைப்படகு ஓட்டுகிறவர். கடல்கடந்து கோதுமை ஏற்றி வருகிற கப்பல்களை மா ஆலையின் இறங்குமேடையோடு கீறல் விழாமல் அணைத்துக் கொடுப்பது அவருடைய வேலை. ஒரு மார்கழிக் காற்றில் வடம் அறுந்து தளத்தைக் கடந்து வீசியபோது, பக்கத்தில் நின்ற படகு மாலுமி ஜக்சனைக் கழுத்தில் பிடித்துக் கீழே அமுக்கி, தானும் குனிந்து, நிமிர்ந்ததும் "தேத்தண்ணி ஊத்தியாச்சா?" என்று கேட்ட மனிதர். ஆறடி உயரம். உள்துறைமுகத்தில் நின்று கூப்பிட்டால் தூரத்து ஓர்ஸ் ஹில் மேட்டில் ஆள் திரும்பிப் பார்க்கிற குரல்.

வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான் உண்மை தெரியும். காலையில் அவர் பல் துலக்கும்போது பிரஷ் கொஞ்சம் உள்ளே போய்விட்டால் எழும்புகிற ஓங்காளச் சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்கும். தொண்டையைப் பார்க்க டொக்டர் நாக்கை அமுக்கினால் டொக்டரின் கையைப் பிடித்துவிடுவார். தொண்டைக்குள் ஒன்று போவது என்றால் அவருக்கு உயிர் போவது மாதிரி. இப்படிப்பட்ட ஆளுக்கு, வாயால் குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

எழுதாமல் வேறு வழியும் இருக்கவில்லை. இரண்டு வருடமாக வயிறு சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. தின்றது உடம்பில் ஒட்டாமல் பதினெட்டுக் கிலோ இறங்கிவிட்டது. இரும்புச்சத்துக் குளிசையை எத்தனை விழுங்கினாலும் இரத்தம் ஏறுவதாக இல்லை. ஆவணி மாதம் படகின் ஓரத்தில் நின்றவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வர, ஜக்சன் சேர்ட்டைப் பிடித்து இழுத்திராவிட்டால் கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் விழுந்திருப்பார். அன்றோடு அவரைத் தரையில் இறக்கி, கந்தோரில் ஒரு கதிரையில் இருத்திவிட்டார்கள். கதிரையில் இருப்பது அவருக்கு வயிற்று வருத்தத்தைவிடப் பெரிய வருத்தம்.

இரத்தத்தைச் சோதித்த டொக்டர் ஓர் இளம் பெண். சீலியாக் என்கிற வருத்தமாக இருக்கலாம் என்றார். கோதுமை உள்ளே போனால் உடம்பு தன்னுடைய குடலையே எதிரி என்று நினைத்துத் தாக்குமாம். கமரா விட்டுப் பார்த்து, குடலில் இருந்து சின்னச் சின்னத் துண்டு எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்லலாமாம். அதற்கு மேல் இன்னொன்றும் சொன்னார். அந்தச் சோதனை முடியும்வரைக்கும் கோதுமையை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கிவிடும். எடுக்கிற துண்டு பொய் சொல்லும்.

ஆகவே முனாஸ் தினமும் தனக்குக் கெடுதல் என்று தெரிந்துகொண்டே இரண்டு துண்டுக் கோதுமைப் பாண் தின்றார். தின்று அரை மணித்தியாலத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார். சோதனையை எவ்வளவு தள்ளிப் போடுகிறாரோ அவ்வளவு நாளைக்கு இதே பாடு. கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும், ஐப்பசியில் கிடைத்த முதலாவது திகதியில் அவர் செய்தது என்ன தெரியுமா? வரிசையில் ஐந்தாவது ஆளாக இருந்தார். உள்ளே யாரோ ஓங்காளிக்கிற சத்தம் கேட்டது. "மோட்டசைக்கிள பிழையான இடத்தில விட்டிட்டன்" என்று மனைவி சனூஸாவிடம் சொல்லிவிட்டு எழும்பியவர் நிலாவெளிக் கடற்கரையில்தான் போய் நின்றார். சனூஸா அவருடைய கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் காத்திருந்தாள்.

"இருவத்திரண்டு வருசமா ஊருக்குக் கோதம்ப கொண்டுவந்து இறக்கினீங்க," என்றாள் அன்று வீட்டுக்கு வந்து. "இப்ப அந்தக் கோதம்பயே உங்கள முழுசா முழுங்கட்டும் எண்டு விட்டிட்டீங்க போல."

அவர் மகளின் அறைக் கதவைப் பார்த்தார். ஓடியது அவரோடு மட்டும் முடிகிற காரியமல்ல. மகள் ஷிஃபானாவுக்குப் பதினேழு வயது. உயர்தரம் படிக்கிறாள். வகுப்பில் எல்லோரையும்விடச் சின்ன உருவம். கோழிக்குஞ்சு மாதிரித் தோள். தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் இருக்கலாம் என்று டொக்டர் அவளுடைய இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார். அதிலும் அதே சந்தேகம். அவளுக்கும் குழாய். ஆனால் அவள் தன் கொப்பியில் திகதி எழுத விடவில்லை.

"முதல்ல வாப்பாக்குச் செய்யட்டும்," என்றாள். "அதப் பாத்திட்டுச் சொல்றன்."

தகப்பன் ஓடினால் மகளும் வரமாட்டாள். இது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

இரண்டாவது திகதி கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. முதல்நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக்கூடாது, வெறுவயிற்றோடு வரவேண்டும் என்று துண்டில் எழுதியிருந்தது. இங்கேதான் முனாஸின் மூளை வேலை செய்தது. பயந்த மனிதனின் மூளை சும்மா இருக்காது. எப்படியும் பட்டினி கிடக்கத்தான் போகிறோம், வியாழக்கிழமை வேறு, நபிவழியில் நோன்பு பிடிக்கிற நாள், இந்தப் பட்டினியை வீணாக்காமல், கட்டாயமில்லாத சுன்னத் நோன்பாகவே வைத்துவிட்டால் என்ன என்று யோசித்தார். நோன்பாளியை அல்லாஹ் கைவிடமாட்டான். யோசனை நல்லதுதான். ஆனால் நோன்பு என்றால் சஹர் உண்டு. சஹர் சாப்பாட்டில் அருளும் பரக்கத்தும் உண்டு. விடிவதற்கு முன்னர் எழும்பி, குசினியில் தனியாக நின்று, ராத்திரிப் பருப்போடு நாலு துண்டுப் பாண், ஒரு வாழைப்பழம், ஒரு கோப்பை தேத்தண்ணீர் எல்லாவற்றையும் பக்குவமாக முடித்து, நோன்புக்கு மனதில் நிய்யத் வைத்துக்கொண்டார். அப்போது சுவர்க் கடிகாரத்தில் நாலேகால்.

துண்டில் பத்து மணி என்று எழுதியிருந்தது அவருக்கு ஞாபகம் இல்லையா? இருந்தது. ஞாபகத்தின் ஒரு மூலையில் அதைத் தள்ளிவிட்டு, அதன்மேல் நோன்பை எடுத்து விரித்துவிட்டார். சுபஹ் தொழுகைக்கு எழும்பிய சனூஸா, தொழுகை விரிப்பில் புருஷன் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து, மனம் குளிர்ந்து போனாள்.

ஆஸ்பத்திரியில் ஏழரைக்கெல்லாம் போய்விட்டார்கள். மகளும் வந்திருந்தாள். நீலக் கதிரைகள் போட்ட நீண்ட நடை; அதன் முடிவில் வெள்ளைக் கதவு. பட்டியலில் பதினொரு பேர். முனாஸின் பேர் மூன்றாவது. கதவடியில் மேசை போட்டு, தாதி ஒருவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விபரம் எழுதிக்கொண்டிருந்தார். சட்டையில் சுலக்ஷனா என்று பேர் குத்தியிருந்தது.

"முனாஸ்," என்று கூப்பிட்டார். மூன்று பேரும் எழும்பிப் போனார்கள்.

"கட்டுப்பல்லு இருக்கோ அண்ணை?"

"இல்ல மிஸ்."

"மருந்து ஏதும் ஒத்துவராதோ?"

"அப்பிடி ஒண்டும் இல்ல."

"கடைசியா எப்ப சாப்பிட்டனீங்கள்?"

முனாஸ் தொண்டையைச் செருமினார். "நாலேகாலுக்கு."

"நேற்றுப் பின்னேரமோ?"

"இண்டைக்கி விடியக்கால. நான் நோன்பு மிஸ். வியாழக்கிழமை நோன்பு. அதுதான் சஹர் சாப்பிட்டனான்."

தாதியின் பேனை நின்றுவிட்டது. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவர்தான். சஹர் என்றால் என்னவென்று அவருக்கு விளக்கத் தேவையில்லை. "ராத்திரி பத்து மணிக்குப் பிறகு ஒண்டும் சாப்பிட வேண்டாம் எண்டு எழுதித் தந்தனாங்களெல்லோ? வயித்துக்குள்ள சாப்பாடு கிடந்தா குழாய் விட ஏலாது அண்ணை. மூச்சுக்குழாய்க்குள்ள போனா ஆபத்து. அதோட நோன்பு பிடிச்ச ஆளுக்கு எப்பிடி விடுறது?"

"அதத்தான் மிஸ் நானும் யோசிக்கன்," என்றார் முனாஸ், ஒரு மௌலவியின் முகத்தோடு.

சனூஸா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பத்தொன்பது வருடக் கல்யாணம் முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது. "ரமழானுக்கு வெளிய நீங்க எத்தின நோன்பு பிடிச்சிரிக்கீங்க? விரல விட்டு எண்ணுங்க பாப்பம்," என்றாள். ஒரு விரலும் விரியவில்லை.

தாதி நாட்காட்டியைப் புரட்டினார். "இனி பெப்ரவரி பதினாறிலதான் இடம் இருக்கு. எழுதட்டோ?"

பெப்ரவரி! முனாஸின் நெஞ்சில் இருந்து ஒரு கல் உருண்டு விழுந்தது. கை கால் எல்லாம் லேசாகிவிட்டது. ஓடவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை; முறைப்படி, மார்க்கப்படி, ஆஸ்பத்திரிச் சட்டப்படியே தப்பிவிட்டார். சிரித்துவிடக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு மகளின் பக்கம் திரும்பினார்.

ஷிஃபானா சிரித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து வெளிறிக் கிடந்த முகத்தில் இரத்தம் ஓடத் தொடங்கியிருந்தது. "அப்ப இண்டைக்கி இல்லயா வாப்பா?" என்று கேட்டாள். கேட்ட குரலில் பெருநாள் விடிந்த மாதிரி ஒரு சந்தோஷம். "அப்ப எனக்கும் பெப்ரவரிக்குப் பிறகுதானே?"

முனாஸுக்குத் தன் முகத்தையே கண்ணாடியில் பார்த்தது போல இருந்தது. அதே பயம். அதே தப்பினோம் என்கிற பூரிப்பு. மூக்கு அவருடையது, நிறம் அவருடையது. இதையும் அவரிடமிருந்துதான் எடுத்திருக்கிறாள். பெப்ரவரி வரைக்கும் தினமும் இந்தப் பிள்ளையும் பாண் தின்ன வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் சுருண்டு கிடக்க வேண்டும். பெப்ரவரியில் அவர் இன்னொரு காரணம் கண்டுபிடிப்பார், அவளும் கண்டுபிடிப்பாள். வெட்கம் காதுவரைக்கும் சுட்டது.

"எழுத வேண்டாம் மிஸ்," என்றார்.

"என்ன?"

"நாலேகாலில இருந்து எத்தின மணித்தியாலம் போகவேணும்?"

"குறைஞ்சது ஆறு."

"அப்ப பத்தேகால். என்ட பேரக் கடைசியாப் போடுங்க. நான் இஞ்சயே இரிக்கன். தண்ணி கூடக் குடிக்கமாட்டன்."

தாதி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து, கமரா விடுகிற டொக்டரின் பதிலைச் சொன்னார். பத்தேகாலுக்குப் பிறகு என்றால் செய்யலாம். ஆனால் பட்டியல் அதற்கு முன்னர் முடிந்துவிட்டால் காத்திருக்க ஏலாது. டொக்டருக்கு மற்ற வார்டில் வேலை இருக்கிறது. "உங்கட அதிர்ஷ்டத்தைப் பாப்பம்," என்றார். மூன்றாவது இடத்தில் இருந்த பேரை வெட்டி, பட்டியலின் அடியில் எழுதினார்.

மூன்று பேரும் கதிரையில் வந்து இருந்தார்கள். பிறகு முனாஸ்தான் தொடங்கினார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நோன்பு இல்ல மகள். பயம். பத்து மணிக்குப் பிறகு சாப்பிடப் படாது எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் திண்டனான். அல்லாஹ்ட பேரச் சொல்லி அதுக்குப் பின்னால ஒளிச்சிட்டன்."

ஷிஃபானா திரும்பி அவரைப் பார்த்தாள். தன் தகப்பன் பயம் என்ற சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"என்னத்துக்கு வாப்பா பயம்?"

"மூச்சு நிண்டுபோயிடும் எண்டு. குழாய் உள்ள போகக்குள்ள மூச்சு எடுக்க ஏலாமப் போனா என்ன செய்யிற எண்டு. ராவெல்லாம் அதுதான் வருது."

"எனக்கும் அதுதான்," என்றாள் அவள் மெதுவாக. "அதே தான்."

சனூஸா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அல்ஹம்துலில்லாஹ், உங்க ரெண்டு பேருக்கும் கோதம்ப மட்டும் இல்ல, மூச்சும் ஒண்டுதான் போல," என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சுன்னத் நோன்பத் தேவைக்கு முறிக்கலாம். அத நினைச்சு இன்னொருக்காச் சாட்டுச் சொல்ல வேண்டாம்." அவளுடைய குரலில் இப்போது கோபம் இருக்கவில்லை.

பட்டியல் நகர்ந்தது. மூன்றாவதாக உள்ளே போனவர் யோசேப் என்கிற மீன் வியாபாரி. வாட்டசாட்டமான ஆள். சிரித்துக்கொண்டு போனவரின் ஓங்காளம் கதவைத் தாண்டி வந்தது. முனாஸின் இரண்டு கால்களும் அவரைக் கேட்காமலே எழும்பின. சனூஸா கொப்பியை மடியில் இறுக்கிப் பிடித்தாள். அவர் நடையின் மறு முனைவரைக்கும் நடந்தார். அங்கே வெளிவாசல். வாசலுக்கு அப்பால் வெயில், முச்சக்கர வண்டிகள், கொய்யாப்பழம் விற்கிற ஒருவர். ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி நடந்து வந்து அதே கதிரையில் இருந்தார். திரும்பி வந்த அந்த நாற்பது அடி, அவர் வாழ்க்கையில் நடந்த கஷ்டமான நடை. இதைத் துறைமுகத்தில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

பத்து நிமிடத்தில் யோசேப் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது, கைலேஞ்சியால் வாயைத் துடைத்துக்கொண்டு, வந்த வேகத்திலேயே மனைவியிடம் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். ஷிஃபானா அதைக் கவனித்தாள். முனாஸும் கவனித்தார்.

ஒன்பதரைக்கு ஒரு சங்கடம் முளைத்தது. பட்டியலில் இருந்த இரண்டு பேர் வரவில்லை. பேர் கூப்பிட்டார்கள், பதில் இல்லை. அவரைப் போல அவர்களும் எங்கேயோ கடற்கரையில் நிற்கிறார்களோ என்னவோ. வேலை வேகமாக ஓடத் தொடங்கியது. ஏழு, எட்டு, பத்து. முனாஸ் கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்த்தார். பத்து மணிக்கு இன்னும் எட்டு நிமிடம். பதினோராவது ஆளும் உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் அவருக்குள் ஒரு விசித்திரம் நடந்தது. ஏழரை மணிக்கு, தன்னைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்த மனிதர், இப்போது தன்னைக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்று பயந்தார். உள்ளே போனவருக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கட்டும் என்று மனதுக்குள் துஆக் கேட்டார். பாவம் அந்த மனிதர், அவருக்கு இது தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

பத்து மணி கடந்து நாலு நிமிடத்தில் கதவு திறந்தது. பதினோராவது ஆள் வெளியே வந்தார். உள்ளே டொக்டர் கையுறையைக் கழற்றுவது தெரிந்தது. முனாஸ் எழும்பி, இரண்டே எட்டில் வாசலுக்குப் போய் நின்றார்.

"டொக்டர், பதினொரு நிமிஷம்."

"என்ன?"

"பதினொரு நிமிஷம் பொறுங்க. பத்தேகாலுக்கு ஆறு மணித்தியாலம் முடியுது. நான் போன முறை ஓடினனான். இண்டைக்கி ஓடினா என்ட மகளும் ஓடிடுவா. இனி எனக்குப் பெப்ரவரி தர வேண்டாம்."

அவருடைய மெல்லிய குரலே நடை முழுவதும் கேட்கிற குரல். வெளியே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டொக்டர் அவரைப் பார்த்தார்; அவர் தோளுக்குப் பின்னால் நின்ற சின்ன உருவத்தையும் பார்த்தார்; சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார். "அறிக்கை எழுதக் கிடக்கு," என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "இருபது நிமிஷம் எடுக்கும். மிஸ், இவருக்குத் தொண்டைக்கு மருந்து அடிக்க ஆயத்தப்படுத்துங்கோ."

மருந்து கசந்தது. தொண்டை மரத்து, விழுங்குவதற்கு ஒன்றும் இல்லாதது போல ஆகிவிட்டது. கட்டிலில் இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, பற்களுக்கு நடுவில் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் துண்டொன்றை வைத்துக் கட்டினார்கள். குழாய் கறுப்பு, சுண்டுவிரல் பருமன். டொக்டர் அதைக் கொண்டு வந்தபோது முனாஸ் கண்ணை மூடிக்கொண்டார். அதுதான் பிழை. மூடிய கண்ணுக்குள் பயம் பெரிதாகத் தெரியும்.

"விழுங்குங்கோ."

முடியவில்லை. வயிறு முழுவதும் திரண்டு வாய்க்கு வந்தது போல ஓங்காளம். கை தானாக எழும்பி டொக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. சுலக்ஷனா மிஸ் அந்தக் கையை மெதுவாகக் கழற்றித் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நிப்பாட்டட்டோ?" என்று டொக்டர் கேட்டார். "நீங்கள் சொன்னா நிப்பாட்டுவன்."

முனாஸ் கண்ணைத் திறந்தார். டொக்டரின் முகம் அவருக்குத் தெரியவில்லை. தலைக்கு மேலே எங்கேயோ இருந்து குரல் மட்டும் வருகிறது. அந்த நிமிடத்தில் அவர் நினைவில் வேலைத்தளம் வந்து நின்றது. பெரிய கப்பலின் வயிற்றடியில் படகை வைத்திருக்கும்போது, கப்பலுக்கு மேலே நின்று வழிகாட்டுகிற பைலட்டைக் கண்ணால் காண முடியாது. ரேடியோவில் குரல்தான். 'ஸ்லோ' என்று வரும். இவர் 'ஸ்லோ' என்று திருப்பிச் சொல்வார். சொல்லிவிட்டுச் செய்வார். 'ஸ்டொப்' என்று வரும். 'ஸ்டொப்' என்று திருப்பிச் சொல்வார். ஒரு கட்டளையைத் திருப்பிச் சொல்லாமல் அவர் ஒரு நாளும் எஞ்சினைத் தொட்டதில்லை. அடுத்த கட்டளை என்னவாக இருக்கும் என்று யோசிக்கிறவன் கப்பலை மேடையில் இடிப்பான். முழுக் கப்பலையும் ஒருவனும் தள்ளுவதில்லை. காதில் விழுந்த ஒரு சொல்லை மட்டும்தான் செய்வது.

வாய் அடைத்திருந்தது, திருப்பிச் சொல்ல ஏலாது. அவர் சுலக்ஷனாவின் கைக்குள் இருந்த தன் விரலொன்றை நிமிர்த்திக் காட்டினார்: செய்யுங்கள்.

"மூக்கால மூச்சு எடுங்கோ," என்றார் டொக்டர்.

விரல் நிமிர்ந்தது. மூக்கால் மூச்சு எடுத்தார். காற்று வந்தது. வருகிறதே! இத்தனை மாதமாக ராவெல்லாம் அவரைப் போட்டு மிதித்த பயம் எதுவோ, அது நடக்கவில்லை. தொண்டைக்குள் குழாய் நிற்க, மூச்சு தன் பாட்டுக்கு வேறு வழியால் வந்து போனது.

"இப்ப விழுங்குங்கோ."

விரல் நிமிர்ந்தது. விழுங்கினார். குமட்டியது, கண்ணால் தண்ணீர் ஓடியது, காதுவரைக்கும் எச்சில் வழிந்தது. குழாய் இறங்கியது.

"நல்லது. தோளை இறுக்க வேண்டாம்."

விரல். தோள் தளர்ந்தது.

"ஏவறை வரும், வந்தா விடுங்கோ."

விரல். ஏவறை வந்தது, அதுவும் துறைமுகத்துக்குக் கேட்கிற ஏப்பம். தாதி சிரித்துவிட்டார். "டொக்டர், இவர் நீங்கள் சொல்லுற ஒவ்வொண்டுக்கும் விரல் காட்டுறார்," என்றார்.

"கண்டனான். இப்பிடி ஒரு ஆள் எனக்கு ஒவ்வொரு நாளும் வந்தா நல்லம்," என்றார் டொக்டர். "இப்ப துண்டு எடுக்கப்போறன் அண்ணை. நோகாது."

நோகவில்லை. தாதி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு துண்டு. ஆறாவது எடுத்து முடிந்ததும் குழாய் வந்த வழியே வழுக்கிக்கொண்டு வெளியே போனது. "முடிஞ்சுது," என்றார் டொக்டர். முனாஸ் பழக்கத்தில் அதற்கும் விரலை நிமிர்த்தினார்.

எழும்பி இருந்ததும் முதலில் நேரத்தைப் பார்த்தார். கட்டிலில் படுத்துப் பன்னிரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று மாதம் அவரை ஆட்டி வைத்த சாமானின் முழு நீளம் இவ்வளவுதான். அவருக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, கத்த வேண்டும் போலவும் இருந்தது. மரத்த தொண்டையில் ஒன்றுக்கும் வழி இல்லை.

டொக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "குடல் உள்ளுக்குத் தட்டையாப் போய்க் கிடக்கு. முடிவு வர மூண்டு கிழமை எடுக்கும். ஆனா பயொப்சித் துண்டு எடுத்தாச்சு, இனி நீங்கள் கோதுமையை நிப்பாட்டலாம். நாளைக்கில்லை, இண்டைக்கே. முடிவு நான் நினைக்கிற மாதிரி வந்தா, மெல்ல மெல்லத் தேறுவீங்கள். திரும்பப் படகும் ஓடலாம்."

வெளியே சனூஸாவும் ஷிஃபானாவும் கதவோடு ஒட்டி நின்றார்கள். அவரைக் கண்டதும் சனூஸா கண்ணைத்தான் முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டு அவருடைய கையைப் பிடித்தாள். நடையில், அத்தனை பேருக்கு முன்னால். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தார். கப்பலை அணைத்துவிட்டு வரும்போதுகூட அவர் இப்படி நடந்ததில்லை.

"எப்பிடி வாப்பா?" என்று ஷிஃபானா கேட்டாள்.

நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை. ஒன்றும் இல்லை மகள், நுளம்பு கடித்த மாதிரி என்று சொல்லியிருக்கலாம். எந்தத் தகப்பனும் அதைத்தான் சொல்வான். முனாஸ் அவளைத் தன் பக்கத்துக் கதிரையில் இருத்தி, சொல் குழறக் குழற, உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"மோசம்தான். மருந்து கசக்கும். குழாய் உள்ள போகக்குள்ள ஓங்காளிக்கும், கண்ணால தண்ணி ஓடும், வெக்கமா இரிக்கும். நான் டொக்டர்ட கையப் பிடிச்சிட்டன். ஆனா மூச்சு நிக்கல்ல. கேளு மகள், மூச்சு நிக்கவே இல்ல. மூக்கால வந்துகொண்டே இருந்திச்சு. அவங்க சொல்றத ஒண்டொண்டாச் செய். அடுத்தது என்ன எண்டு யோசிக்காத. பத்து நிமிஷத்தில வெளிய வந்திடுவாய்."

"பயமா இருந்ததா?"

"ஓம். இப்பவும் கால் நடுங்குது. பார்."

அவள் குனிந்து பார்த்தாள். உண்மையாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் அந்த முழங்காலில் கையை வைத்து, நடுக்கம் அடங்கும்வரைக்கும் அமுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு எழும்பி, தாயின் கைப்பையைத் திறந்து, தன் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு, தாதியின் மேசையடிக்குப் போனாள். கூட வர எழும்பிய தாயைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"மிஸ், எனக்குத் திகதி எழுத வேணும்."

சுலக்ஷனா கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். "உங்களுக்கு எழுதாம விட்டுக் கிடக்கு. வாற செவ்வாய்க்கிழமை ஒரு ஆள் வரமாட்டன் எண்டு இப்பதான் கோல் பண்ணினவர், அந்த இடம் இருக்கு. அது கிட்டவாக் கிடக்கு, பள்ளிக்கூடச் சோதினை எல்லாம் முடியட்டும் எண்டா, பெப்ரவரியில பதினாறு இருக்கு. எது எழுதட்டும் தங்கச்சி?"

ஷிஃபானா தாயையும் பார்க்கவில்லை, தகப்பனையும் பார்க்கவில்லை.

"செவ்வாய்," என்றாள்.

முனாஸின் கண்ணால் தண்ணீர் ஓடியது. இந்த முறை குழாயின் மேல் பழிபோட வழியில்லை, அவரும் போடவில்லை.